பறவை அண்ணாச்சி

ராஜபாளையத்தில் தெருவுக்கு ஒரு பறவை அண்ணாச்சி உண்டு. ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார்; இல்லையென்றால் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரத்தை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவராக இருப்பார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். சிங்கப்பூர் மருமகன் வாங்கி வந்தது. அதன் வழியாக அவர் இதுவரை தெளிவாகப் பார்த்தவை, எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் வத்தலும் அதைக் கொத்த வரும் காக்கையும். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த காக்கிச் சட்டை ஒன்றும் வைத்திருப்பார். ஒரு பாக்கெட்டில் பறவைக் கையேடு, ஒன்றில் பிரஷர் மாத்திரை, ஒன்றில் பாக்குப் பொட்டலம். மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. மதினி துவைக்கப் போடும்போது தெரியவரும்.

பறவை பார்ப்பவர் என்று இவரைச் சொன்னால் பாதிதான் சரி. பறவை பார்க்கப் போவதற்கு ஏற்பாடு செய்பவர். போவது என்பது அந்த ஏற்பாட்டின் கடைசியில் தவிர்க்க முடியாமல் வந்து தொலைக்கும் ஒரு காரியம். முடிந்தால் அதைத் தள்ளிப் போடலாம்.

எங்கள் தெரு அண்ணாச்சியின் இலக்கு தேக்கடி. “மழைக்காடுன்னா அதுதாம்ல மழைக்காடு” என்பார். அங்கே போனால் மலை இருவாச்சியைப் பார்க்கலாம், தீக்காக்கையைப் பார்க்கலாம். அதைவிட அவருக்குப் பிடித்தது அந்தக் காட்டைச் சுற்றிக்காட்டுவதை உள்ளூர் ஆட்களே நடத்துகிறார்கள் என்ற விஷயம். தேக்கடியைச் சூழ்ந்த பெரியாறு காட்டில் வயணப் பட்டை (காட்டு லவங்கப் பட்டை) உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுக்கொண்டிருந்தவர்கள் 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையோடு சமாதானத்துக்கு வந்தார்கள். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தத் தடத்தில் யானை வரும், எந்தக் கிளையில் எந்தப் பறவை உட்காரும் என்று வனத்துறைக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். அந்த அறிவையே பிழைப்பாக்கி, குழு அமைத்து, வருகிறவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளாகிவிட்டார்கள். மன்னான், பளியர் குடிகளுக்கும் இப்படிக் குழுக்கள் உண்டு. தேக்கடியை ஒட்டிய குமுளிப் பக்கத்துப் பெண்கள் சிலர் ‘வசந்த சேனா’ என்று பெயர் வைத்துக்கொண்டு, பைசா வாங்காமல், முறை போட்டுச் சந்தன மரங்களைக் காவல் காக்கிறார்கள்.

இதையெல்லாம் அண்ணாச்சி சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை வரும், தானே அந்தக் குழுவுக்குத் தலைவர் என்பதுபோல. “நிர்வாகம்னா அது நிர்வாகம்! பட்டை உரிச்சவன பாராக்காரனா ஆக்கியிருக்கான் பாரு. நம்ம மில்லுல கோன் திருடினவனுக்கு இப்படி ஒரு வேல குடுத்திருந்தா...” என்று ஆரம்பித்து, பேச்சு நாற்பதாம் நம்பர் நூலுக்குப் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் மேற்கே நிற்கிறதே மலை, அதன் முகட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பெரியாறு புலிகள் காப்பகம்தான். இந்தப் பக்கம் 1988-இல் நரை அணிலுக்காக அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம். 2021 பிப்ரவரியில் அதை மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்; நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகம், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். தென்மேற்குப் பருவமழை மொத்தத்தையும் அந்தப் பக்கச் சரிவில் கொட்டிவிட்டு, நமக்குச் சாரலை மட்டும் தெளித்து அனுப்புகிறது. அதனால்தான் நம் அடிவாரம் முள்ளும் புதருமாக இருக்கிறது. மேலே ஏறினால்தான் சோலை. இருவாச்சி சிறகை நாலு தட்டுத் தட்டினால் கடந்துவிடும் தூரத்துக்கு, அண்ணாச்சியின் வேன் டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராகச் சுற்றி மலையேற வேண்டும். 1895-இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீராவது மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நேரே நம் மாநிலத்துக்கு வந்துவிடுகிறது. வேனுக்கு அந்த வசதி செய்து தர அணை கட்டிய பென்னிகுவிக்குக்குத் தோன்றவில்லை.

இந்தச் சுற்றுவழிதான் அண்ணாச்சிக்கு உயிர். ஊருக்கு ஊர் எங்கே டீ, எங்கே ஒதுங்க வசதி, எந்தக் கடையில் எத்தனை மணிக்கு இட்லி வெந்திருக்கும் என்று கட்டங்கட்டமாக எழுதியிருக்கிறார். பறவைகளுக்குக் கடைசியில் ஒரு கட்டம். இடம் போதாததால் அதைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்.

தேதி குறிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வருஷத்தில் பன்னிரண்டு மாதம் இருப்பது பறவை பார்ப்பதற்குப் போதாது என்பதை அண்ணாச்சியின் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள்தான் அறிவார்கள். கார்த்திகையில் ஆரம்பித்துத் தை முதல் வாரம் வரை ஐயப்ப சாமிகள் கூட்டம். குமுளி ரோட்டில் வண்டி நகராது, கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். தையில் பொங்கல், அது முடிந்ததும் முகூர்த்தம். மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்; எங்கே தீப்பிடிக்குமோ என்று மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்கள். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு அந்த மாதத்தைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. சித்திரை, வைகாசியில் பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் குரங்கைத் தவிர வேறெதுவும் பக்கத்தில் வராது. ஆனி, ஆடியில் அங்கே மழை, அட்டை. போதாக்குறைக்கு ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி, ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர். தேர் நிலைக்கு வராமல் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவரும் ஊரைத் தாண்டமாட்டார். ஆவணி முகூர்த்தம். புரட்டாசி சனிக்கிழமை. ஐப்பசியில் இந்தப் பக்கத்து மழை, தீபாவளி.

“அப்ப எப்பத்தான் போறது அண்ணாச்சி?”

“அதுக்குத்தானப்பா கமிட்டி போட்டிருக்கு.”

கமிட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூரின் பிரதிநிதியாக ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் உண்டு. இரண்டு ஊருக்கும் இடையில் பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம். மனசளவில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அவர்களுக்குக் கோயில், கோர்ட்டு, பால்கோவா. இவர்களுக்கு மில், மாந்தோப்பு, நாய். வேன் எந்த ஊரில் கிளம்புவது என்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. தேக்கடிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகவேண்டும், ஆகவே ராஜபாளையத்தில் கிளம்பி வழியில் வாத்தியாரை ஏற்றிக்கொள்வதுதான் நியாயம். வாத்தியாருக்கு அதில் ‘வழியில் ஏற்றிக்கொள்வது’ என்ற பகுதி பிடிக்கவில்லை.

பறவை விஷயத்தில் தங்கள் ஊருக்குத்தான் முன்னுரிமை என்பது அவர் கட்சி. “தினசரி புதுசாக் கிளி செய்யிற ஊர் உலகத்துல வேற உண்டா? மரவள்ளி இலையில உடம்பு, மாதுளம்பூவுல மூக்கு, காக்காப்பொன்னுல கண்ணு. சாயங்காலம் ஆண்டாள் இடது கையில ஏறிடும். அடையாளம் காண பைனாகுலர் வேண்டாம், கையேடு வேண்டாம்.” இதற்கு அண்ணாச்சி, “அது பறக்காதே வாத்தியாரே” என்றார். வாத்தியார் திருப்பாவைக்குத் தாவினார். அதில் வரும் ஆனைச்சாத்தன் என்ன பறவை? வலியன் என்று ஒரு கட்சி, பரத்வாஜ பட்சி என்று ஒரு கட்சி, கரிச்சான் என்று ஒரு கட்சி. விடியற்காலையில் கேட்டது, குரலை வைத்துக் குறித்தது, ஆயிரத்து இருநூறு வருஷமாகியும் பெரியவர்கள் முடிவுக்கு வரவில்லை. “நாம ஒரு காலைல தேக்கடி போய் என்னத்தக் கண்டுபிடிக்கப் போறோம்?” என்று கேட்டார். அவர் சொன்னவற்றில் எனக்கு நியாயமாகப் பட்டது இது ஒன்றுதான்.

ஆட்கள் எண்ணிக்கை ஆறில் ஆரம்பித்தது. ஆறு பேருக்கு வேன் பிடித்தால் சீட் வீணாகிறதே என்று பத்தாயிற்று. பத்துப் பேருக்குச் சமைக்க ஆள் வேண்டுமே என்று பதினாலாயிற்று. புளியோதரை, தயிர்சாதம், வத்தல், ஒரு டின் முறுக்கு, வாத்தியார் பொறுப்பில் மூன்று கிலோ பால்கோவா. பால்கோவாவில் ஒரு கிலோ வழிகாட்டிகளுக்கு. அவர்கள் கேட்கவில்லை, ஆனால் புவிசார் குறியீடு வாங்கின சரக்கைக் கொண்டுபோகாமல் எப்படி அடுத்த மாநிலத்துக்குள் நுழைவது என்றார் வாத்தியார். அட்டைக்கு வைத்தியம் பார்க்கும் இலாகா எனக்கு வந்து சேர்ந்தது: கல் உப்பு, மூக்குப்பொடி, வேப்பெண்ணெய். நடக்கக் கூட்டிப்போகிறவர்களே முழங்கால் வரை கட்டிக்கொள்ள அட்டைக் காலுறை தருவார்கள் என்றேன். “அது அவங்க ஏற்பாடு. நம்ம ஏற்பாடு நமக்கு” என்றார் அண்ணாச்சி.

மதினியையும் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. சமையல் கூட்டத்தில்தான் பேர் சேர்த்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். அவரை இழுக்க அண்ணாச்சி இருவாச்சியின் குடும்பக் கதையை எடுத்துவிட்டார்: பெட்டை, மரப்பொந்துக்குள் உட்கார்ந்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் இடுக்கு விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும், முட்டையிட்டு, குஞ்சு பொரித்து அது வெளியே வரும்வரை சேவல்தான் ஆலம்பழமும் அத்திப்பழமும் சுமந்து வந்து ஊட்டும். மதினி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பொந்துக்குள்ள அடுப்பு கிடையாதுல்ல?”

“பறவைக்கு எதுக்கு அடுப்பு?”

“அப்ப நான் வேணா ஒரு மூணு மாசம் போய் இருந்துட்டு வாரேன். நீங்க வீட்டப் பாத்துக்கோங்க.”

அன்றைய கூட்டம் அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மௌனம். காட்டில் வாய் திறக்கக் கூடாது என்று கையேட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அண்ணாச்சி முப்பது வருஷம் மில்லில் ரிங் பிரேம்கள் ஓடும் இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பழகியவர். அவர் ரகசியம் பேசினால் முடங்கியார் ரோட்டில் ஆட்டோ நின்றுவிடும். இதற்காக மொட்டைமாடியில் ஒத்திகை வைத்தார்கள். ஆளுக்கொரு சைகை: இரண்டு விரல் என்றால் மரங்கொத்தி, கையைக் குவித்தால் குக்குறுவான், தலையைத் தொட்டால் யானை. ஒத்திகையில் வேப்பமரத்தில் ஏதோ வந்து உட்கார, அண்ணாச்சி சைகையை மறந்து “அந்தா பாரு!” என்று ஒரு குரல் கொடுத்தார். மரத்தில் இருந்தது போனது. அடுத்த தெரு வேப்பமரத்திலிருந்தும் நாலைந்து போயின. என்ன பறவை என்று யாரும் பார்க்கவில்லை. பட்டியலில் மட்டும் ‘ஒன்று, பழுப்பு’ என்று ஏறியது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, குமுளிக்குப் போன் போட்டார். எடுத்தவர் குரலில் கம்பம் பக்கத்துத் தமிழ். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கமிட்டி முழுக்கச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணாச்சி வழித்தடம், பதினாலு பேரின் வயசு, உணவுப் பட்டியல், பார்க்கவேண்டிய பறவைகள், அவற்றைப் பார்க்கவேண்டிய வரிசை என்று எல்லாவற்றையும் படித்து முடித்தார். மறுமுனையில் இருந்தவர் பொறுமைசாலி.

“சரிங்கண்ணே. விடியக்காலம் வந்துருங்க. கண்ணப் பறிக்கிற கலர்ல சட்டை வேண்டாம். பேசாம நடக்கணும். அவ்வளவுதான்.”

“வேற?”

“ஒரு வழிகாட்டிக்கு நாலஞ்சு பேருதான். நீங்க மூணு குழுவாப் பிரிஞ்சுக்கங்க.”

“இருவாச்சி?”

“வந்தா வரும்ணே.”

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆளு நல்லவன்தான். ஆனா திட்டம் கிடையாது” என்றார். வாத்தியாருக்கு வேறு கவலை: மூன்று குழுவில் ராஜபாளையத்துக்கு எத்தனை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை?

நான் மெதுவாக ஒரு யோசனை சொன்னேன். அய்யனார் கோயில் இருக்கிறது. ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் காடுதான். செண்பகத்தோப்பு இருக்கிறது, நரை அணில் தாவுகிற மரங்கள், தேன் எடுக்கிற பளியர் வீடுகள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். மழை முடிந்த மாதங்களில் நம் மாந்தோப்புகளுக்கே ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து வந்து தங்குகிறது. காலை ஆறு, மாலை ஆறு என்று சங்கு பிடித்ததுபோல் குரல் கொடுக்கிறது. மில்லில் இத்தனை வருஷம் நேரம் தவறாமல் கார்டு அடித்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பறவை ஏது? நாளைக் காலையில் சைக்கிளை எடுத்தால் கேட்டுவிடலாம்.

கமிட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது.

“அது எங்க ஓடிப் போகுது? அத எப்ப வேணாலும் பாக்கலாமே. அதுக்கு எதுக்கு ஏற்பாடு?”

சொல்லிவிட்டு, வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார். வண்டியில் ஏறும்போது திரும்பி, மூக்குப்பொடி பதினாலு டப்பா என்பதை எனக்கு மறுபடி ஒருமுறை ஞாபகப்படுத்தினார்.