ஒருக்கா வெளிய போயிட்டு வாங்க சேர்

கண்டியில் சூம் கூட்டம் நடத்துகிற எந்தச் சங்கத்திலும் அவர் இருப்பார், அநேகமாகச் செயலாளராக. பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம் என்று பெயர்ப்பலகை மாறும், ஆள் மாறமாட்டார். யாருக்கு என்ன கோளாறு வந்தாலும் அவரிடம் ஒரே தீர்வுதான்: "ஒருக்கா வெளிய போயிட்டு வாங்க சேர்." குரல் விட்டு விட்டு வந்தால் வெளியே. படம் அசையாமல் நின்றால் வெளியே. மைக்கை மியூட்டில் வைத்துக்கொண்டு உணர்ச்சி பொங்க வாயசைப்பவரும் வெளியே. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு காலத்தில் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே மிக்சரை, நாம் கொண்டுபோன போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த வைத்தியந்தான் இது. ஆனால் மிக்சர் குடித்தவன் அடுத்த வேளை உள்ளே வர யாருடைய அனுமதிக்கும் காத்து நின்றதில்லை.

அது பலிக்கத்தானே செய்கிறது என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்பார்கள். பலிக்கிறது, மறுக்கவில்லை. போனவர் திரும்ப நுழையும்போது இணைப்பு புதிதாகப் போடப்படுகிறது. ஓடியோவில் சேர்வதா என்று போன் மறுபடி கேட்கிறது. முதல் தடவை அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியவர் இம்முறை 'சரி' என்று தட்டுகிறார். குரல் வந்துவிடுகிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. குணமானது தட்டிய விரலால். பெயர் வாங்கியது வெளியே போனது. இதே ஆளின் போன் பக்கத்து அறையில் மகளிடம் இருக்கும் புளூடூத் ஹெட்செட்டோடு இணைந்து கிடக்குமானால், அவர் நூறு முறை போய் வந்தாலும் நமக்குக் குரல் கேட்காது. காரணம் தெரியாமல் கிடைத்த வெற்றி செயலாளருக்குத் தன்னம்பிக்கையைத்தான் தருகிறது. 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் ஒரு வழக்கறிஞர் சூம் விசாரணையில் பூனைக்குட்டி முகத்தோடு தோன்றினார், உலகமே சிரித்தது. நீதிபதி ரோய் ஃபேர்கஸன் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. வீடியோ அமைப்பில் ஃபில்டர் போடப்பட்டிருக்கிறது, பாருங்கள் என்று கோளாறின் பெயரைச் சொன்னார். நம்மவர் அந்த இருக்கையில் இருந்திருந்தால் பூனை வெளியே போய், பூனையாகவே திரும்பி வந்திருக்கும்.

எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுகஸ்தோட்டையில் ஒரே வீட்டு ஹோலில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு போனில் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஒரு போனின் ஸ்பீக்கரில் வருவதை மற்றப் போனின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்ப, தலைவரின் வரவேற்புரை குகைக்குள் பேசியதுபோல் சுற்றிச் சுற்றி வருகிறது. செயலாளர் கணவனை வெளியே அனுப்புகிறார். எதிரொலி நிற்கிறது. வெற்றிப் புன்னகை. கணவன் திரும்புகிறார், எதிரொலியும் கூடவே திரும்புகிறது. இப்போது மனைவியின் முறை. இருவரில் ஒருவர் ஹெட்செட் போட்டு மற்றவர் ஒலியை அணைத்தாலோ, இருவரும் ஒரே போனில் உட்கார்ந்தாலோ தீர்ந்துபோகிற விஷயம், ஒரு குடும்பத்தை மாறி மாறி வாசலுக்கு அனுப்புவதாக முடிகிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை, கோளாறு அவர் பக்கமே இருக்கும்போது நடப்பது. அடையாளம் காண்பது மிக எளிது. ஒருவருடைய குரல் எல்லோருக்கும் அறுந்து கேட்டால் அந்த ஒருவரின் லைனில் பழுது. எல்லோருடைய குரலும் ஒருவருக்கு மட்டும் அறுந்து கேட்டால் கேட்கிறவரின் லைனில் பழுது. இந்த இரண்டாவது சாத்தியம் செயலாளருடைய உலகத்தில் இல்லை. அவர் வீட்டு ரவுட்டர் முன் ஹோலில் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அவர் இரண்டு தடித்த சுவர் தாண்டிப் பின்னறையில் இருக்கிறார். தலைவர் பேசினால் வெட்டுகிறது: வெளியே. பொருளாளர் பேசினால் வெட்டுகிறது: அவரும் வெளியே. "மிஸ், நீங்களும் ஒருக்கா போயிட்டு வாங்க, பிரேக் ஆகுது." இப்படி ஒவ்வொருவராகக் கழித்து, பேசுவதற்கு எவருமில்லாத நிலை வந்ததும் சொல்வார்: "இப்ப கிளியரா இருக்கு."

வயதானவர்களுக்கு நுணுக்கமெல்லாம் புரியாது, ஒரே வாக்கியம் என்றால் நினைவில் நிற்கும் என்பது அடுத்த சமாதானம். இதில் நியாயம் உண்டு. ஆனால் அதே அளவு எளிதான இன்னொரு வாக்கியம் இருக்கிறது: "வீடியோவ நிப்பாட்டிட்டுப் பேசுங்க." சூமில் குரலுக்கு மட்டும் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், குழுக் கூட்டத்தில் முகமும் காட்ட வேண்டுமானால் சுமார் 600 கிலோபிட்டிலிருந்து 1 மெகாபிட் வரை வேண்டும். ஏறக்குறைய பத்து மடங்கு. நலிந்த சிக்னலில் படத்தை விட்டால் குரல் பிழைக்கும். செயலாளர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு முகங்கள் வேண்டும். கட்டம் கட்டமாக முகம் நிறைந்த திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் போடாவிட்டால் கூட்டம் நடந்ததாகவே அவருக்குத் தோன்றாது.

நகரத்துக்குள் இருப்பவருக்கு வெளியே போய் வருவது ஒரு நிமிட வேலை. மலையைத் தாண்டினால் கணக்கு வேறு. கைபேசி அலை மலையை ஊடுருவிப் போவதில்லை. கோபுரம் இருக்கும் பக்கம் வெளிச்சம், மறுசரிவு நிழல். ஹந்தானைக்கு அப்பால் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து அறைக்குள் ஒரு கோடு வரும், மேட்டில் ஏறினால் இரண்டு. மாலையில் ஊரே ஒரே கோபுரத்தில் தொங்கும்போது அந்த இரண்டும் பெயரளவில்தான். 2021இல் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டுவழியே மலையுச்சிக்கு ஏறிய படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போயின. அதற்கு முந்தைய ஆண்டு நாட்டின் பல்கலைக்கழக விரிவுரைகளெல்லாம் சூமுக்கு மாறியபோது அந்தப் பாரத்தைச் சுமந்த லேர்ன் என்ற கல்வி வலையமைப்பின் தலைமையிடம் பேராதனையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேராதனையிலிருந்து தெல்தோட்டை ஒன்றும் வேறு தேசமில்லை. மின்வெட்டு வந்தால் இன்னும் மோசம்: வீட்டு ரவுட்டர் உடனே சாகும், கோபுரத்து பேட்டரி தீர்ந்தால் கைபேசியும் பின்தொடரும். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அன்றைக்கு வெளியே போனவர் திரும்பி வர வழியே இல்லை.

ஆகவே மேட்டில் நின்று, மழைக்கு ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக, ரீலோட் போட்ட டேட்டா கரையக் கரைய ஒட்டியிருப்பவரிடம் "வெளிய போயிட்டு வாங்க" என்பது, பிடித்திருக்கும் ஒற்றைக் கிளையை விடச் சொல்வது. அவர் விடுகிறார், சொன்னவர் செயலாளர் ஆயிற்றே. பிறகு வட்ஸ்அப்பில் லிங்க்கைத் தேடுகிறார். அதற்கு மேல் முப்பது பேரின் 'காலை வணக்கம்' குவிந்திருக்கிறது. தேடிப் பிடித்துத் தட்டினால் வெயிட்டிங் ரூம். உள்ளே விடவேண்டியவர் செயலாளர். அவரோ அடுத்த நோயாளியை வெளியேற்றுவதில் மூழ்கியிருக்கிறார். 40 நிமிட இலவசக் கணக்கு முடிந்து எல்லோரையும் ஒன்றாகச் சூமே வெளியே தள்ளும்போதுதான் தெல்தோட்டைக்காரருக்கு மற்றவர்களோடு சமத்துவம் கிடைக்கிறது.

அவர் கெட்டவரில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடி, ஊர் அடங்கிக் கிடந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் வெளியில் இறங்க முடியாத பாட்டிமாருக்கும் போனில் கூப்பிட்டு, எந்தப் பொத்தானைத் தட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது இந்த வகை ஆட்கள்தான். சம்பளமில்லை, நன்றியுமில்லை. குறை சொல்லும் நாம் ஒரு லிங்க் கூட அனுப்பியதில்லை. கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே வந்து, தனியே திரையைப் பார்த்தபடி, "கேக்குதா, கேக்குதா" என்று தனக்குத் தானே சோதித்துக்கொண்டிருக்கும் மனிதரை வெறுக்க முடியாது.

ஆனால் நன்றிக்கடன் ஒரு பக்கம், அநியாயம் ஒரு பக்கம். புலமைப்பரிசில் நிதியை எந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிரிப்பது என்பது போன்ற தீர்மானங்கள் இந்தக் கூட்டங்களில்தான் எடுக்கப்படுகின்றன. அப்போது தோட்டத்துப் பிரதிநிதி வெயிட்டிங் ரூமில் இருக்கிறார். "மறுப்பு ஏதும் இல்லாததால் ஏகமனதாக" என்று எழுதப்படுகிறது. அடுத்த மாதம் வரும் கூட்டக் குறிப்பில் அவர் பெயர் 'சமுகமளிக்காதோர்' பட்டியலில், காரணம் அறிவிக்காதவர் என்ற குறிப்போடு இருக்கிறது. கூட்டத்தை நடத்த ஒருவரும் வாசலைப் பார்க்க இன்னொருவரும் என்று இரண்டு பேரை ஹோஸ்டாகப் போடச் சூமின் கட்டணக் கணக்கில் வசதி இருக்கிறது. தெரிந்தவர்கள் மட்டும் வரும் கூட்டத்துக்கு வெயிட்டிங் ரூமையே அணைத்தும் வைக்கலாம். இரண்டும் முடியாதென்றால், குறிப்பில் மூன்றாவதாக ஒரு பட்டியலாவது வேண்டும்: செயலாளரால் வெளியே அனுப்பப்பட்டு, திரும்ப அழைக்கப்படாதோர்.