தந்தை சம்பளமும் மகன் சம்பளமும்: ஓர் ஒப்பாய்வு

பெற்றோரின் வருமானத்தோடு பிள்ளையின் வருமானத்தை ஒப்பிடுதல் என்பது, தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பின், உறவினர் ஒருவரேனும் உடனிருக்கும் வேளையில் நிகழும் ஆய்வாகும். இதில் முடிவு முதலிலேயே எட்டப்பட்டு, அதற்கேற்ற அளவுகோல் பிறகே தேடப்படுவதால், பொருளியல் நூல்கள் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

ஆய்வின் முதல் இடர்ப்பாடு கால அலகு. தந்தை தம் சம்பளத்தை மாதக் கணக்கில் சொல்வார். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் மகனோ ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்பான், அவ்வாறு பன்னிரண்டால் பெருக்கிச் சொல்வது பெண் பார்க்கும் படலத்தில் பயன்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. மேலும், அவன் சொல்லும் தொகை சி.டி.சி. எனப்படுவது, அதாவது ஒரு பணியாளரை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, ஐந்தாண்டு நிறைவதற்குள் விலகினால் பொதுவாகக் கைக்கு வராத பணிக்கொடை, மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே பயன்படும் காப்பீட்டின் தவணை ஆகியனவும் பல நிறுவனங்களில் இதில் அடங்கும். தன்னால் பிறருக்கு ஆகும் செலவைத் தன் வருமானமாகச் சொல்லிப் பெருமைகொள்ளும் முதல் தலைமுறை இதுவே எனலாம். முந்தைய தலைமுறை அத்தகைய பிள்ளையைத் தண்டச்சோறு என்றது.

அடுத்தது விலைவாசி. 2001-02 நிதியாண்டில் மாதம் 10,000 ரூபாய் பெற்ற ஓர் அரசு ஊழியரையும், 2025இல் பிடித்தம் போக 80,000 ரூபாய் பெற்ற அவர் மகனையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சொத்து விற்பவரின் ஆதாயத்துக்கு வரி கணக்கிடுவதற்காக அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் செலவுப் பணவீக்கக் குறியீட்டெண், 2001-02இல் 100 ஆகவும் 2024-25இல் 363 ஆகவும் உள்ளது. அதன்படி தந்தையின் சம்பளம் 2024-25இன் 36,300 ரூபாய்க்குச் சமம் என்பதால், மகன் இரு மடங்குக்கு மேல் முந்திவிடுகிறான். இம்முடிவை அவன் அறிவிக்கும்போது தந்தை குறியீட்டெண்ணை மறுப்பதில்லை; பவுன் என்ன விலை என்று மட்டும் கேட்பார். பவுன், அதாவது எட்டு கிராம் ஆபரணத் தங்கம், அந்த நிதியாண்டில் 4,000 ரூபாய்க்குக் கீழே இருந்தபடியால் அவருடைய சம்பளம் இரண்டரைப் பவுனுக்குக் குறையாது. 2025 ஏப்ரலில் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது. எனவே அப்போது மகன் கையில் இருந்தது ஒரு பவுனும், அதன் செய்கூலி சேதாரத்துக்குப் போதுமா என ஐயுறத்தக்க சில்லறையுமே.

தொண்ணூறுகளில் திருநெல்வேலிக்கு எஸ்.டி.டி. எனும் வெளியூர்த் தொலைபேசியில் பேசுவதற்காக இரவுக் கட்டணச் சலுகை வரும்வரை கண்விழித்திருந்த நாட்களை நினைவூட்டி, பவுனுக்குப் பதில் தொலைபேசி அழைப்பையே அலகாகக் கொள்ள வேண்டும் என மகன் வாதிடுவதுண்டு. பேசிய பேச்சை எந்த அடகுக் கடையும் ஏற்பதில்லை என்பது தந்தையின் மறுமொழி. ஆனால், அவர் தம் பணிக்காலத்தில் எந்த மாதமும் இரண்டரைப் பவுன் வாங்கியவர் அல்லர்; வாங்கியிருந்தால் இந்த ஒப்பாய்வுக்கே தேவை எழுந்திராது.

இரு தரப்பும் கணக்கில் சேர்க்காத வருமானம் ஒன்று உண்டு. தந்தையின் சம்பளம் மளிகை, பால், பள்ளிக் கட்டணம், சீட்டு என்று பிரிந்தபின், காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மிச்சம் பிடித்துத் தாய் ஒருவரும் அறியாமல் சேர்த்த பணமே அது. அதற்குச் சிறுவாடு என்று பெயர். வீட்டில் உண்மையிலேயே இருந்த பவுன் பெரும்பாலும் அதில் வாங்கியதுதான், மகனின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகு போனதும் அதுவே. ஆயினும் ஒப்பாய்வு சூடுபிடிக்கும் நேரத்தில் தாய் கூடத்தில் இருப்பதில்லை, உறவினருக்குக் காபி போடப் போயிருப்பார். அரசு ஊழியருக்கு விலைவாசியை ஈடுகட்ட ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படும் அகவிலைப்படியைச் சிறுவாட்டுக்கும் வழங்குமாறு இதுவரை எந்த ஊதியக் குழுவும் பரிந்துரைக்கவில்லை.