கன்னத்தில் விழாத அறை

கும்பகோணத்து அத்தைக்கு 74 வயது. சர்க்கரை உண்டு, ரத்தக்கொதிப்பு உண்டு, இரவு ஒன்பதரை ஆனால் எனக்கு ஒரு போன் உண்டு. முதல் இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது.

“பாத்தியாடா?” என்பாள். எதை என்று கேட்கக் கூடாது. எட்டரை மணித் தொடரைத்தான். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அத்தைக்கே அது தெரியாது. அவளுக்கு அது ‘மீசைக்காரன் நாடகம்’. அதற்கு முந்தியது ‘குழந்தை தொலைஞ்ச நாடகம்’. அந்தக் குழந்தை கிடைத்து, வளர்ந்து, காலேஜுக்குப் போன பிறகும் அதுதான் பெயர்.

நான் பழைய படக் கட்சி. கறுப்பு வெள்ளையில் எடுத்தது எதுவானாலும் காவியம் என்று சாதிப்பேன். ‘சீரியலெல்லாம் மனுஷன் பார்ப்பானா?’ என்று கேட்பேன். சாப்பாட்டுத் தட்டோடு அதற்கு எதிரில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பேன்.

அத்தையின் ரசனையை உயர்த்துவது என்று ஒருமுறை முடிவு கட்டி, ஊருக்குப் போனபோது ‘அந்த நாள்’ போட்டுக் காட்டினேன். 1954-ல் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டே கிடையாது. ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை, திரை முழுக்க நிழல். படம் ஆரம்பித்ததும் சிவாஜி குண்டடி பட்டு விழுந்தார். அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

“முடிஞ்சுடுச்சா?”

“இப்பதான் அத்தை ஆரம்பம்.”

“சிவாஜியே போயிட்டாரு. இனிமே யாரைப் பாக்கறது?”

ஃப்ளாஷ்பேக்கில் வருவார் என்று சமாதானம் சொன்னேன். வந்தார். பாட்டுதான் வரவில்லை. பந்தியில் பாயச வாளியை எதிர்பார்ப்பவர் மாதிரி அத்தை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். கடைசியில் தீர்ப்பு வந்தது: “நல்லாத்தான் எடுத்திருக்கான். உப்பு போட மறந்துட்டான்.” அந்தப் படத்தின் ஒளியமைப்பைப் பற்றி இருபது வருஷமாக நான் ஊரெல்லாம் ஆற்றிவரும் உரை அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோனது.

அத்தைக்குப் படம் என்றால் ‘தில்லானா மோகனாம்பாள்’. 1968-ல் அது வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர், சும்மா அசந்துவிடாது. “வாசிச்சது மதுரை சேதுராமன், பொன்னுசாமி. கன்னம் உப்பினது சிவாஜி. வாசிக்காம உப்பறதுதாண்டா கஷ்டம்” என்பாள். ஆனால் சிக்கல் சண்முகசுந்தரம் மேல் அவளுக்குத் தீராத வருத்தம். “வாசிப்பு எட்டு ஊருக்குக் கேக்குது, சரி. கோவம் பதினாறு ஊருக்குல்ல கேக்குது! இவனைக் கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பாடுபட்டாளோ.” படம் முடிந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மோகனாம்பாளின் குடித்தனத்தைப் பற்றிக் கவலைப்பட இன்னும் ஒரு ஆள் இருக்கிறது. அதில் விவரமான ஆள் ஜில் ஜில் ரமாமணி ஒருத்திதான் என்பதும், நாகேஷின் வைத்தி இல்லையென்றால் இன்றைக்கு எந்தத் தொடருமே இல்லை என்பதும் அத்தையின் கட்சி. “வைத்தி ஒத்தை ஆளா மூணு மணி நேரத்துல செஞ்ச வேலையை இங்க ஆறு பேரு சேந்து மூணு வருஷமா செய்யறாங்க.”

மற்ற நிகழ்ச்சிகளுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை. ‘பிக் பாஸ்’ பார்த்துவிட்டு, “நாங்க பதினாலு பேரு, கக்கூஸ் ஒண்ணு. நூறு நாள் இல்லைடா, நாப்பது வருஷம்” என்றாள். ‘குக் வித் கோமாளி’யைப் பற்றி நான்தான் விளக்கினேன்: சமைக்கத் தெரிந்தவரோடு ஒன்றும் தெரியாதவரை ஜோடி சேர்த்து அடுப்படியில் விடுவார்கள் அத்தை. “இதுக்குப் பேரு கல்யாணம்டா” என்று வைத்துவிட்டாள்.

போன ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. அத்தை தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்து தெருவே இருட்டு. எட்டு மணிக்கே போன் வந்தது. “கரண்டு இல்லை. நீ பாத்துச் சொல்லு.”

“செல்லுலயே பாக்கலாமே அத்தை.”

“அப்புறம் பேசறதுக்கு சார்ஜுக்கு எங்கடா போறது?”

பார்த்தேன். ஒரு கடிதம் கிடைத்தது. எல்லார் முகத்தையும் காட்டினார்கள். விளம்பரம். மறுபடி எல்லார் முகத்தையும் காட்டினார்கள். தொடரும்.

“ஒண்ணும் நடக்கலை அத்தை.”

“ஒண்ணும் நடக்காம அரை மணி நேரம் என்னத்தைக் காட்டினான்? மூத்தவ முகத்தை எத்தனை தடவை காட்டினான்?”

யோசித்தேன். “மூணு தடவை.”

“மத்தவங்களை?”

“ரெண்டு ரெண்டு தடவை.”

“அப்ப லெட்டரை ஒளிச்சு வச்சது அவதான். சின்னவ என்ன புடவை?”

“கவனிக்கலையே.”

“எழுபது வருஷத்துக்கு முந்தின படத்துல விளக்கை எங்க வச்சான்னு சொல்றே. புடவை கண்ணுக்குத் தெரியலையா?”

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நாகேஷ் ஞாபகம் வந்தார். ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பா. 1964-ல் ஸ்ரீதர் எடுத்தது. பேயும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. தொண்டையையும் இரண்டு கையையும் மட்டும் வைத்துக்கொண்டு கதை சொல்லிப் பாலையாவை அந்த நடுங்கு நடுங்க வைப்பார் மனுஷன். நமக்கும் தொண்டை இருக்கிறதே என்று தோன்றியது.

“கடைசியில ஒண்ணு நடந்துது அத்தை” என்றேன், குரலைத் தாழ்த்தி. “மீசைக்காரன் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கான். சின்ன மருமக மெதுவா எந்திரிச்சா. நேரா அவன்கிட்ட போனா. விட்டா பாருங்க, பளார்னு.”

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அறைஞ்சாளா?”

“அறைஞ்சா.”

“வலது கையாலயா?”

“வலது கைதான். வளையல் உடைஞ்சு தெறிச்சுது.”

“மகராசி” என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலைக்குள் பூக்காரம்மாவுக்கு, எதிர்வீட்டு மாமிக்கு, தண்ணி கேன் போடுகிற பையனுக்கு என்று சேதி பரவிவிட்டது. தெருவுக்கே கரண்டு இல்லாததால் மறுத்துப் பேச ஆளில்லை. கோயிலில் இரண்டு பேர் வளையலுக்காக வருத்தப்பட்டார்களாம். சாயங்காலம் கரண்டு வந்தது. எட்டரைக்கு ‘நேற்றைய பகுதியில்’ என்று போட்டார்கள். கடிதம், முகம், முகம், முகம். மீசைக்காரன் கன்னம் மழமழவென்று இருந்தது. எனக்குத்தான் வியர்த்தது.

ஒன்பதரைக்கு அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

“அத்தை, அந்த அறை இருக்கே… அது நானா…”

“தெரியும்டா. நேத்தே தெரியும்.”

“எப்படி?”

“அடி விழுந்தா சுத்தி நிக்கற எட்டு பேரு முகத்தையும் காட்டாம விடுவானா? நீ சொன்னதுல ஒரு முகம்கூட வரலையே.”

நான் பேச்சற்று நின்றேன்.

“ஆனா நல்லா இருந்துதுடா. பூக்காரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. இவன்தான் எடுக்கத் தெரியாம விட்டுட்டான்.”

அதற்குப் பிறகு போன் வரும் நேரம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் எட்டேகாலுக்கே வருகிறது. “இன்னிக்கு என்னடா நடக்கும்?” என்று கேட்டுக்கொண்டு போய்த்தான் டிவி முன்னால் உட்காருகிறாள். இதுவரை மீசைக்காரன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, ஒரு முறை ஜெயிலுக்குப் போய்விட்டான். திரையில் அவனுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதரைக்குப் பரீட்சை தனியாக நடக்கிறது. கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நேற்று சின்னவள் மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர். மூத்தவள் முகம் நாலு தடவை.