பாரிஸ் கனவான்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

பாரிஸ் இசைக் கல்லூரியின் மாண்புமிகு கனவான்களே! உங்கள் பெருந்தன்மையைப் பாட ஆளில்லை என்ற குறை எதற்கு? இதோ, நான் பாடுகிறேன்.

1804இல் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்த லூயிஸ் ஃபராங்குக்கு இசை இயற்றக் கற்க ஆசை. பெண்ணுக்கு அந்த வகுப்பில் இடமில்லை என்றீர்கள். அங்கே பாடம் நடத்திய ஆன்டன் ரைஷாவிடமே அவர் தனியாகக் கற்றுக்கொண்டார். வாத்தியார் அதே வாத்தியார், பாடமும் அதே பாடம். உங்கள் பெஞ்சு மட்டும் தீட்டுப்படாமல் தப்பித்தது.

1842இல் அவரையே பியானோ பேராசிரியராக்கினீர்கள். மாணவிகளுக்கு மட்டும்தான் கற்றுத்தரலாம். சம்பளமும் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைவு. பெண் வாசித்தால் பியானோவில் நாலு கட்டை குறைந்துவிடும் போலிருக்கிறது!

1850இல் ஒன்பது கருவிகளுக்கு அவர் எழுதிய 'நானெட்' அரங்கேறியது. வயலின் வாசித்தவர் 18 வயது யோவாகிம். கச்சேரி அமோக வெற்றி. அதற்குப் பிறகு ஃபராங்க் உங்கள் கல்லூரி இயக்குநர் ஓபெரிடம் சம ஊதியம் கேட்டார், கொடுத்தீர்கள். என்ன வள்ளல்தனம்! ஆணுக்கு முழுச் சம்பளம் கிடைக்க வேலையில் சேர்ந்தாலே போதும். பெண்ணோ, எட்டு வருடம் உழைத்து, ஊரே மெச்ச ஒரு படைப்பையும் எழுதிக் காட்டிவிட்டு, அதன் பிறகும் வாய் திறந்து கேட்க வேண்டும். இதற்குப் பெயர் நீதியாம். வெட்கம் என்ற சரக்கு உங்கள் நகரத்தில் விற்பதில்லையா?

ஃபராங்கின் அண்ணன் ஒகுஸ்த் துய்மோனை மறக்கலாமா? 1823இல் சிற்பத்துக்கான ரோம் பரிசு வாங்கியவர். பாஸ்டில் சதுக்கத் தூணின் உச்சியில் சிறகு விரித்து நிற்கிறதே விடுதலைச் சிலை, அது அவர் கைவண்ணம்தான். அந்த வெண்கல விடுதலைக்குத் தங்க முலாம் பூசக் காசு இருந்தது. தங்கையின் மூன்று சிம்ஃபனிகளோ அவர் கண்மூடும்வரை அச்சேறவே இல்லை. கூட்டம் பெயரைப் பார்த்துத்தான் இசையை எடைபோடுகிறது, பதிப்பாளர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று ஃபெத்திஸ் என்ற பெல்ஜிய விமர்சகரே எழுதிவைத்தார். அதையும் படித்துவிட்டு, காதைப் பொத்திய கையை எடுக்காமலே இருந்தீர்கள் பாருங்கள், அந்த உறுதி யாருக்கு வரும்?

நடுவில் 1861இலும் 1869இலும் அகாதமியின் ஷார்த்தியே பரிசு கொடுத்தீர்கள். திறமை தெரியாமல் செய்தோம் என்று இனிச் சொல்லவும் வழியில்லை.

1875இல் அவர் இறந்தார். இசைக்கான ரோம் பரிசுப் போட்டியில் பெண்கள் சேரலாம் என்று 1903இல் அனுமதி வந்தது. 28 வருடத் தாமதத்துக்காக யாரும் வருந்த வேண்டாம், கனவான்களே. அவரைக் காத்திருக்கச் சொன்னது நீங்கள் இல்லையே.