சேச்சே, தூங்கலையே!

இன்றைக்கு விடியற்காலை நாலே முக்காலுக்குப் பெரியப்பா போன் செய்தார். "என்னப்பா, தூங்கிக்கிட்டிருந்தியா?"

"சேச்சே, அப்பவே முழிச்சாச்சு பெரியப்பா!"

படுத்ததே இரண்டு மணிக்கு.

தூக்கம் கெட்டால் உடம்பும் மூளையும் என்ன ஆகும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்தப் பொய். திருட்டு நகையைப் போலத் தூக்கத்தை ஏன் இப்படி ஒளிக்கிறோம்? மணி அடித்ததும் ஒரு செருமல். பொத்தானை அமுக்குமுன் இருட்டைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்று ஒத்திகை. அப்படியும் குரல் கரகரத்தால் "லேசா ஜலதோஷம்". மதியம் மூன்று மணி என்றால் "சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்". குறட்டை தெருமுனை வரை கேட்டிருந்தாலும் அது கண்ணை மூடிக்கொண்டிருந்ததுதான். டிவி முன்னால் தலை தொங்கிவிட்ட மாமனாரிடமிருந்து ரிமோட்டை மெல்ல உருவிப் பாருங்கள். "பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்ன பார்த்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். போன் செய்பவரும் லேசுப்பட்டவரில்லை. "எழுப்பிட்டேனா?" என்கிறார். பின்னே, தாலாட்டவா கூப்பிட்டார்?

தூங்கவில்லை என்று சொல்லி நான் நம்புகிற ஒரே ஆள் ராண்டி கார்ட்னர். 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை சான் டியேகோவில் 264 மணி நேரம் விழித்திருந்து காட்டிய 17 வயதுப் பையன். அவனுக்கும் சாட்சிக்கு வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆராய்ச்சியாளர் தேவைப்பட்டார்.

சரி, மூளை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவனின் நிதானம்தான் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நம் சட்டப்படி 0.03ஐத் தாண்டினாலே வண்டியைத் தொடக் கூடாது. ஆனால் போலீஸ் ஊதச் சொல்லும் கருவியில் கொட்டாவி பதிவாகாது. குடித்தவனுக்கு அபராதம் போடுகிறார்கள், சரி. ராத்திரியெல்லாம் கண்விழித்தவனுக்கு மட்டும் ஆபீசில் 'கடும் உழைப்பாளி' என்று பட்டம்! அவன் போட்ட கணக்கை மறுநாள் திருத்துகிறவனுக்குத் தெரியும் அந்த உழைப்பு.

இதயம், ரத்த அழுத்தம், ஞாபகமறதி எல்லாம் பாக்கி இருக்கின்றன. இப்போதைக்குப் பசி மட்டும். தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுமாம், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் இறங்குமாம். நடுராத்திரி பிரிட்ஜைத் திறந்து மீந்த உப்புமாவைக் காலி செய்தது நானல்ல, கிரெலின் என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

"யாரு அவ?" என்கிறாள்.