பொதுவிட இயல்: உரையும் புறனடையும்

நகரத்துப் பொதுவிடங்கள், இடர் வந்தபோது அவை நடந்துகொள்ளும் முறையால் மூவகைப்படும்: நொறுங்குவன, தாங்குவன, தேறுவன. திறந்துவைத்த அமைச்சரைக் கொண்டு வகுப்பாரும் உளர். அது கல்வெட்டியலுக்குரியதாதலின் இங்கு வேண்டா.

நொறுங்குவனவற்றின் இலக்கணம் பூட்டு. மழை எச்சரிக்கை வந்தால் பூட்டுவர். நிழலுக்கு ஆள் தவிக்கும் உச்சிவெயிலிலும் பூட்டுவர். எடுத்துக்காட்டு வாசகர் தெருவிலேயே இருக்கும், விரிக்கவில்லை.

தாங்குவனவற்றுள் தலையாயது ராட்டர்டாம் நகரின் பென்தெம்ப்ளைன் சதுக்கம். 2013இல் திறந்தது. மூன்று பள்ளங்கள், வெயிலில் ஆடுகளமும் அமர்படிகளும், பெருமழையில் குளம். ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர் பிடிக்கும். இதைத் தேறுவனவற்றுள் வைப்பாரும் உளர். பொருந்தாது. எத்தனை மழை பார்த்தும் 18 லட்சம் பிடிக்க அது கற்கவில்லை. பாராட்டலாம், வகை மாற்ற இயலாது.

இனித் தேறுவன. அடிபட்டு வளரும் இக்குணத்துக்கு 2012இல் ஒரு புத்தகமே எழுதினார் நசீம் நிக்கோலஸ் தாலிப். நம்மூர்ச் சான்று அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரம். 1989 புயலில் அதன் தாய்த்தண்டு சாய்ந்தது. மரம் சாகவில்லை, தண்டு நின்ற காலத்திலேயே கிளைகள் தத்தம் விழுதை மண்ணில் ஊன்றியிருந்தன. ஒரே வாயில், ஒரே மோட்டார், சாவி வைத்திருக்கும் ஒரே காவலாளி என்று அமைத்த பூங்காவுக்கு விழுதில்லை. காவலாளி ஊருக்குப் போனால் பூங்காவும் போயிற்று.

ஆயினும் வரையறையை எழுத்துப்படி கொண்டால், இவ்வகையில் முதலிடம் சென்னைத் தெருவுக்கே. மழைதோறும் அது பழுதாகும். பழுதுதோறும் பழைய தாரின் மேல் புதுத்தார் ஏறும். ஏறத் தெரு வளரும். சேதத்தையே உணவாக்கி வளரும் பொதுவிடம் வேறெங்கு உண்டு? வாசலுக்கு ஏறிப்போன வீடுகளில் இப்போது இறங்கிப் போகிறோம். தண்ணீரும் அவ்வாறே. பழையதைச் சுரண்டியபிறகே போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த உத்தரவும் சில தெருக்களில் ஓர் அடுக்காக அடியில் கிடக்கிறது.

ஆகவே தேறுவனவற்றைத் தன்னால் தேறுவன, அயலால் தேறுவன எனப் பிரிக்காமல் தீராது. மெரினா எதில் சேரும்? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்கில் தடுக்கப்பட்டது. மெரினா அகன்றது. மணல் வராத ராயபுரக் கரையைக் கடல் அரித்தது. அங்கே பாறாங்கல் கொட்டினார்கள். ஒரு கரை பெற்ற அகலத்துக்கு மறுகரை செலவு செய்தது. மாலைச் சுண்டலுக்குக் கூடும் கூட்டத்தில் இக்கணக்கைக் கேட்டவரை நான் கண்டதில்லை. வடிவமைப்புப் போட்டிகளிலும் இதற்கு மதிப்பெண் வைத்தால் நல்லது: உங்கள் சதுக்கம் தேறியபோது யார் மெலிந்தார்?

புறனடை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிவாசிகள் தம் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பொதுவிடம் ஓரிரவில் உண்டாயிற்று. பாலம் தேறவில்லை, வெறுமனே தாங்கிற்று. தேறியவர் குடிகள், முந்தைய வெள்ளத்தில் கற்ற பாடம். இடத்தை வகுக்கும் இந்நூலில் ஆளுக்கு வகையில்லை. போக்குவரத்துக் காவலர் நூலில் மட்டும் தெளிவாக உண்டு: நோ பார்க்கிங்.