இல்லற இடப்பெயர்வில் பீரோவின் பங்கு: ஓர் ஆய்வு

வீடு, வேலை, கார் ஆகிய மூன்றையும் ஒரு குடும்பம் எவ்வாறு முடிவு செய்கிறது என்பது பற்றி மேலைநாட்டார் நிறையவே எழுதிக் குவித்திருக்கிறார்கள். டேனியல் மெக்ஃபேடன் 1978-இல் குடியிருப்புத் தேர்வுக்குக் கணித மாதிரி வகுத்தார். தெரிவுகள் பற்றிய ஆய்வுக்காக 2000-இல் நோபல் பரிசும் பெற்றார். இத்துறைச் சமன்பாடுகளில் வாடகை உண்டு, வருமானம் உண்டு, பயண நேரம் உண்டு. பீரோ இல்லை. இக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் சில்லறைக் காரணிகள். ஆடி, மார்கழி: குடிபோகக் கூடாது. சம்பள உயர்வு: உறவினரிடம் சொல்வதற்கான காரணம். முன்பணம்: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். வேறுவிதமாக எழுதிக்கொள்ளச் சென்னை வீட்டுக்காரர் பையில் எப்போதும் பேனா இருக்கும்.

இனிப் பீரோ. கல்யாணச் சீராக வந்தது, ஆளுயரக் கண்ணாடி பதித்தது, இரும்பாலானது. இதன் இயல்புகள் இரண்டு: கன்னி மூலையில் வடக்கு பார்த்து நிற்கும், மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது. முதலாவதில் கருத்து வேறுபாடில்லை. இரண்டாவதில் சாய்த்து ஏற்றலாம் என்பது ஒரு மரபு (அத்தை, தொலைபேசி உரை, வெள்ளி இரவு). கயிறு கட்டிப் பால்கனி வழியே இழுக்கலாம் என்பது இன்னொன்று (சித்தப்பா, மேற்படி உரையில் இடைச்செருகல், அத்தையின் மறுப்புரை, சனி காலை, ஸ்பீக்கரில் போட்ட பதிப்பு, சித்தியின் பெருமூச்சையும் ஒப்புநோக்குக). சுமை தூக்குவோர் மரபு சுருக்கமானது: எப்படி ஏற்றினாலும் தனிக்காசு. பீரோ சங்க காலத்திலேயே இருந்தது என்று நிறுவ ஒருவர் விரைவில் வருவார். சான்று கேட்டால் கடல் கொண்டுவிட்டது என்பார்.

ஆகவே தரைத்தள வீடு. நகருக்குள் அது கட்டுப்படியாகாது, எனவே கூடுவாஞ்சேரி. வேலையோ சோழிங்கநல்லூரில். செங்கல்பட்டு மின்சார ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. எனவே வேலையை மாற்ற வேண்டும், அல்லது கார் வாங்க வேண்டும். கார் வாங்கினால் நிறுத்த இடம் வேண்டும். அது புது அடுக்ககங்களில் உண்டு. ஆனால் அங்கே தரைத்தளம் முழுக்கக் கார்களே குடியிருக்கும். மனிதர்கள் முதல் மாடியிலிருந்துதான் தொடங்குவார்கள். லிஃப்டில் பீரோ நுழையாது. மறுபடியும் மாடிப்படி, மறுபடியும் திருப்பம், மறுபடியும் அத்தை.

எது காரணம், எது விளைவு என்று பிடிபடாத இத்தகைய இடங்களில், 'ஒருங்கிணைந்த முடிவு' என்று பெயர் சூட்டிவிட்டு அடுத்த கருத்தரங்குக்குக் கிளம்புவது அறிஞர் வழக்கம்.

பீரோவை விற்றுவிட்டால் என்ன என்று வீட்டின் இளைய மகன் ஒருமுறை கேட்டார். அவ்வினாவை அம்மா அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார். மகன் இப்போது வேளச்சேரியில் மூன்றாம் மாடி அறை ஒன்றுக்கு ஒரே நாளில் குடிபெயர்ந்திருக்கிறார். ஆடி மாதத்தில், ஒரு பையோடு. அதை இவ்வாய்வு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் பீரோ இல்லை.